தனித்தனி வீடு

— நான் வீட்டை விட்டுப் போனது மழைக்கு முந்தியா, பிந்தியா? ஞாபகம் சரியா நிக்க மாட்டேங்குது.

— போகாத நாள் எப்படிங்க ஞாபகத்துல நிக்கும்? மழைக்கு முந்தி. விசாரிக்க வர்ற ஆபீசரம்மா குறுக்க ஏதாவது கேட்டா உளறி வைக்காதீங்க, டிரைவர் சாரே.

— சரிம்மா. ஏன் போனேன்?

— சண்டை.

— என்ன சண்டை?

— இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கோம், சண்டைக்கா பஞ்சம்? ஏதாவது ஒண்ணை எடுத்து விடுங்க.

— பொய் சொன்னா எனக்குக் காது சிவந்துடும்.

— அப்ப மஃப்ளரைக் கட்டிக்கிட்டுச் சொல்லுங்க.

— சிரிக்காத. இதெல்லாம் பண்ணித்தான் ஆகணுமா?

— ஒரே வீட்டுல இருந்தா உங்க பென்ஷனையும் என் கணக்குல சேத்து, 'வசதியான குடும்பம்'னு எழுதிடுவாங்க. என் இன்ஷூரன்சுக்குக் கவர்மென்ட் கட்டுறது நின்னுடும். நர்ஸ் வர மாட்டா. பகல்ல என்னைத் தூக்கிக் குளிப்பாட்ட யாரு, நீங்களா? போன தடவை தூக்கப்போய், இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நீங்களும் பக்கத்துலயே படுத்தீங்களே!

— அந்த வசதியான குடும்பம் எங்க இருக்குன்னு சொன்னா, நானும் ஒரு நடை போய்ப் பாத்துட்டு வருவேன்.

— அட போங்க. ஷேவிங் செட்டை எடுத்துட்டீங்களா? செருப்பு?

— எல்லாம் அந்த வாடகை ரூமுக்குப் போயாச்சு.

— மூக்குக் கண்ணாடி?

— அதுவும்.

— உங்க தலகாணியைக் காணோமே?

— அதுவும் அங்கதான்.

— அதை ஏன் எடுத்தீங்க? ராத்திரி வந்து எதுல தலை வைப்பீங்க? என்னங்க? இருட்டினதும் யாருக்கும் தெரியாம வந்துடுறேன்னு சொன்னீங்களே. என்னைப் புரட்டிப் படுக்க வைக்கணுமே. ஒரே பக்கமாக் கிடந்தா முதுகு புண்ணாயிடும்.

— தெரியும்.

— தெரிஞ்சா பேசுங்களேன்.

— போன வாரம் உங்கக்கா துணைக்கு இருந்தப்ப, அங்க போய்ப் படுத்தேன்ல…

— அக்கம்பக்கம் பாக்கட்டும்னு நான்தானே அனுப்பினேன்.

— கண்ணைத் திறந்தா வெயில் முகத்துல அடிக்குது. நடுவுல ஒரு தடவைகூட எழுந்திருக்கல. அப்படித் தூங்கி எவ்வளவு காலம் ஆச்சு. எம்மேல கோபமா?

— நான் என்ன, எழுந்து பின்னாலயே ஓடி வரவா போறேன்? சொல்ல வந்ததைச் சொல்லுங்க.

— ராத்திரிக்கும் ஒரு நர்ஸ் கிடைக்குமான்னு அந்த ஆபீசரம்மாகிட்ட கேட்டுப் பாரேன்.