மூலை பிரியாத பெட்டி

கிழங்கு பிங்கா என்கிற பலகாரத்தைச் சூடு ஆறுவதற்குள் பெட்டியில் வைக்கக் கூடாது, ஐயா. உள்ளே வேர்த்துவிடும். வேர்த்தால் தாள் இளகும், தாள் இளகினால் மூலை பிரியும். மூலை பிரிந்த பெட்டியை வாங்குகிறவர், உள்ளே இருப்பது எவ்வளவு ருசியானாலும் முகம் சுளிப்பார். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். தர்மலிங்கம் வாத்தியாரை ஜப்பான்காரனிடம் காட்டிக்கொடுத்தது யார் என்று, சண்டை முடிந்த இந்த நேரத்தில் நீங்கள் விசாரிப்பதாகக் கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். பால்கார மணியம்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவர் வீட்டுக் கதவில் சாணி அடித்திருக்கிறார்கள். மணியம் அப்படிப்பட்டவர் இல்லை. அதுவுமில்லாமல், ஒரு தாளை நேராக இரண்டாக மடிக்கக்கூட அவருக்கு வராது.

என் பெயர் அம்சவள்ளி. இந்தச் சுங்கைப் பட்டாணியில், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் கடைவரிசையில் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் சண்டை வருவதற்கு முந்தின வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். எனக்கென்று இருந்தது தம்பி அழகேசன் ஒருவன்தான். மெர்போக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்கு அடுத்த வீடு வாத்தியாருடையது. அவர் மனைவி குணவதி என்னைவிட ஆறு வயது இளையவள். இரண்டு அடுப்படிக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்று உண்டு. உப்பும் நெருப்பும் பேச்சும் அதன் மேல் வழியாகத்தான் போய்வரும்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் பிப்ரவரியில் சயாமில் ரயில்பாதை போட ஆள் எடுத்தார்கள். தோட்டத்தில் எழுதிய பட்டியலில் அழகேசன் பெயர் இருந்தது. ஊரில் வேலையில்லாத ஆண்களுக்கென்று தனிப் பட்டியல். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததால் வாத்தியார் பெயர் அதில் ஏறியது. இரண்டு பட்டியலும் ஒரே மேசைக்குத்தான் போயின. அந்த மேசையில் இருந்தவர், சண்டைக்கு முன்பு ஒரு பட்டணத்தில் படம் பிடிக்கிற கடை வைத்திருந்த ஜப்பான்காரர். மலாய் நன்றாகப் பேசுவார். படக்கடைத் துவான், அதாவது படக்கடை ஐயா என்று சொல்லுவோம். இனிப்பென்றால் அவருக்கு உயிர் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அதனால் பிங்கா சுட்டேன். கோதுமை மாவைக் கண்ணால் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் பிழிந்து, தேங்காய்ப்பாலும் தென்னஞ்சர்க்கரையும் என் கோழி இட்ட முட்டையும் சேர்த்து, பித்தளைத் தட்டில் ஊற்றி, அடியில் கொஞ்சம் தணலும் மூடிமேல் நிறையத் தணலும் போட்டு வேகவிட்டால் மேலே செம்பழுப்பாக ஏடு கட்டும். இந்தக் கெடாவில் என்னைப்போல் பிங்கா சுடுகிறவர்கள் இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, சாப்பிட்டவர்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

முதல் தடவை வாழையிலையில் கட்டிக் கொண்டுபோனேன். படக்கடைத் துவான் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலில் நின்ற சிப்பாயிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். அவர் அதைத் தொடக்கூட இல்லை. பெட்டி வேண்டும் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. அந்த மனிதர்கள் என்ன கொடுக்கிறோம் என்பதைவிட எதில் வைத்துக் கொடுக்கிறோம் என்றுதான் பார்த்தார்கள்.

பெட்டிக்குத் தாள் வேண்டுமே. சிமெண்டுப் பையைக் கிழித்துச் செய்தேன். எவ்வளவு உதறினாலும் பொடி கொட்டிப் பிங்காவில் ஒட்டியது. பழைய காலண்டர் தாளில் செய்தேன். அந்த வழவழப்பில் பசை பிடிக்கவில்லை. மரவள்ளிக் கஞ்சியைக் காய்ச்சித் தடவினால் கரப்பான் அரித்துத் தின்றது. அழகேசன் தோட்டத்திலிருந்து ரப்பர் பால் ஒரு குவளை கொண்டுவந்து கொடுத்தான். அது ஒட்டத்தான் ஒட்டியது. ஆனால் அந்த நாற்றம் உள்ளே ஏறி, பிங்காவை வாயில் வைக்க முடியவில்லை. எண்ணெய் ஊறாமல் இருக்க மெழுகு தேய்த்தேன். வெயிலில் நடந்து போவதற்குள் மெழுகு உருகித் தாள் துவண்டது.

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பெட்டி கொண்டுபோனேன். ஏழு வெள்ளிக்கிழமை. ஏழும் வழியிலேயே வாய் பிளந்தன. ஏழாவது பெட்டி அடி கழன்று, முழுப் பிங்காவும் ஆபீஸ் வாசலில் விழுந்தது. சிப்பாய்கள் சிரித்தார்கள். மண்ணிலிருந்து அதைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தேன். வந்து, செய்து அடுக்கியிருந்த பெட்டிகளையெல்லாம் காலால் மிதித்தேன். அப்புறம், தாளாயிற்றே என்று ஒவ்வொன்றாக நீவி எடுத்து வைத்தேன்.

குணவதி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"பெட்டி நிக்க மாட்டேங்குதுலா. என்ன பசை போட்டாலும் பிரிஞ்சிருது."

"பசை போடுறதாலதான்க்கா பிரியுது. பசையே வேணாம். மடிச்சு உள்ள சொருகிடணும். இருங்க, வர்றேன்."

வாத்தியார் வீட்டில் பள்ளிக்கூடத்துத் தாள் இருந்தது. சங்குப்பூவை வேகவைத்த தண்ணீரில் ஒரு தாளை நனைத்துக் காயவைத்து நீலமாக்கியிருந்தாள். அதைத் தரையில் விரித்து மடிக்க ஆரம்பித்தாள். மூலையை மூலைக்குள் ஒளித்தாள். அதே தாளில் மூடியும் வந்தது. நான் ஒரு வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் பெட்டி தரையில் நின்றது. என்னுடைய ஏழு வெள்ளிக்கிழமை அங்கே நின்றதுபோல் இருந்தது எனக்கு.

ஏப்ரல் கடைசியில் அவர்களுடைய சக்கரவர்த்தியின் பிறந்தநாள் வந்தது. என் பிங்காவை அவள் பெட்டியில் வைத்து இருவருமாகக் கொண்டுபோனோம். படக்கடைத் துவான் இரண்டு கையாலும் வாங்கினார். பிங்காவை எடுத்து ஒரு தட்டில் ஓரமாக வைத்துவிட்டுப் பெட்டியை முழுக்கப் பிரித்தார். மடிப்பை விரலால் தடவிப் பார்த்து, அப்படியே திரும்ப மடித்தார். பெட்டி நின்றது. சிரித்தார்.

"சியாப்பா பூவாட் கோத்தாக் இனி?" என்றார். இந்தப் பெட்டியைச் செய்தது யார் என்று கேட்கிறார்.

குணவதி தலையைக் குனிந்துகொண்டு, "சாயா, துவான்" என்றாள். நான்தான் என்று.

பிங்கா சுட்டது யார் என்று அவர் கேட்கவில்லை. என்ன வேண்டும் என்று அவளைப் பார்த்துக் கேட்டார். அவள் புருஷன் பெயரைச் சொன்னாள். அவர் பட்டியலை எடுத்து அந்தப் பெயரைப் பேனாவால் அடித்தார். அவ்வளவுதான் வேலை. உடனே குணவதி என்னைக் காட்டி, இந்த அக்காவுடைய தம்பி பெயரும் இருக்கிறது என்று மலாயில் கெஞ்சினாள். அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு பெட்டிக்கு ஓர் ஆள் என்றார். அது அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

வெளியே வந்ததும் அவள் அழுதாள். "அக்கா, வாயில மொதல்ல அவரு பேருதான் வந்துச்சு. என்ன மன்னிச்சிருங்கக்கா."

"புருஷன் பேருதானேலா மொதல்ல வரும். அழாத" என்றேன். நான் அப்போது கோபப்படவில்லை. இப்போதும் அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு பெட்டிக்கு ஓர் ஆள் என்றால், என் கையில் ஒரே ஒரு பெட்டி நின்றால் போதும். வாத்தியார் வீட்டுத் தாளையே வாங்கி ஒரு வாரம் மடித்தேன். அவள் செய்தபடியேதான் செய்தேன். ஆனாலும் என் மூலைகள் புடைத்துக்கொண்டன, மூடி கோணியது. அந்த வாரக் கடைசியில் அழகேசனைச் சரக்கு ரயிலில் ஏற்றினார்கள். ஸ்டேஷனில் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பெட்டி வேலையெல்லாம் விட்ருக்கா. வெரலெல்லாம் வெட்டுக் காயமா இருக்கு" என்று சொன்னான். அதற்குமேல் பேச விடவில்லை.

அவன் போன பிறகு நான் விட்டிருக்கலாம். போனவர்களில் நாலைந்து பேரைப் பாதி வழியில் திருப்பி அனுப்பியதாகக் கேள்வி. அதனால் தொடர்ந்து செய்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

குணவதிக்கு மனது கேட்கவில்லை. வீட்டில் இருந்த தாளையெல்லாம் ஒரு கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தாள். தினமும் மத்தியானம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் விரலைப் பிடித்து எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று காட்டினாள். பொறுமையாகத்தான் காட்டினாள். அந்தப் பொறுமைதான் எனக்குத் தாங்கவில்லை. மூன்று வாரத்தில் கை பழகியது.

கட்டின் நடுவில் ஒரு தாள் இருந்தது. ஒரு பக்கம் வெறுமை. மறுபக்கம் பென்சிலால் பொடி எழுத்து. வாத்தியார் கையெழுத்து எனக்குத் தெரியும், என் கடைப் பலகையை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். தேதி போட்டு எழுதியிருந்தார். ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை சரணடைந்தது என்று ஒரு வரி. ஏதோ ஒரு தீவை ஜப்பான்காரன் விட்டு ஓடினான் என்று ஒரு வரி. இன்னும் எட்டு வரிகள். எல்லாம் வெளிநாட்டு ரேடியோவில் கேட்டவை; அதைக் கேட்டால் தலை போகும் காலம். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். எல்லா வரியையும் படித்தேன், இரண்டு தடவை படித்தேன்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. போட்டிருந்தால் அப்போதே முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கட்டிலேயே கெட்டியான தாள் அதுதான்.

எழுத்து உள்பக்கம் வரும்படி மடித்தேன். நாலு மூலையும் ஒரே மாதிரி வந்தன. மூடி தானாக உட்கார்ந்தது. செம்புத் தண்ணீரை அதன்மேல் வைத்துப் பார்த்தேன், அசையவில்லை. அடுப்படியில் தனியாக உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிங்கா முழுக்க ஆறும்வரை காத்திருந்தேன். எப்போதும் பெட்டியின் அடியில் வாட்டிய வாழையிலை வைப்பேன். அன்றைக்கு வைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை.

அன்று படக்கடைத் துவான் என் கையிலிருந்து முதல் தடவையாக இரண்டு கையாலும் வாங்கினார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முதலில் குணவதி பெட்டியைப் பார்த்தபோது சிரித்ததைவிட நன்றாகச் சிரித்தார். "சியாப்பா பூவாட்?" என்றார்.

மூன்று மாதமாக நான் காத்திருந்த கேள்வி அது. ஆனால் உள்ளே எழுத்து இருந்தது.

"குணவதி" என்றேன்.

அவர் பிங்காவை எடுத்துவிட்டுப் பெட்டியைப் பிரித்தார். எழுத்தைப் பார்த்தார். தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அவர் வாசித்து மலாயில் சொன்னார். படக்கடைத் துவான் மெதுவாக என் பக்கம் திரும்பி, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அழகேசன் போய் மாதம்கூட ஆகவில்லை. அந்த ஒரு பெயரைச் சொல்லத்தான் நான் போயிருந்தேன்.

"கோத்தாக் பாகுஸ், துவான்?" என்று கேட்டேன். பெட்டி நன்றாக இருக்கிறதா என்று.

"பாகுஸ்" என்றார். அப்புறம் கையைக் காட்டி என்னைப் போகச் சொல்லிவிட்டார். தம்பியின் ஞாபகம் எனக்குத் தெருமுனைக்கு வந்த பிறகுதான் வந்தது.

அன்று மத்தியானமே வாத்தியாரைக் கொண்டுபோனார்கள். கூரைப் பலகைக்கு மேலே ரேடியோ இருந்தது. ஒன்பதாம் நாள் அவரைப் பாயில் சுற்றிக் கொண்டுவந்து போட்டார்கள். குணவதியைப் பதினைந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அவள் வலது கை விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவில்லை. அன்றிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறாள். நான்தான் சோறு பிசைந்து ஊட்டுகிறேன், தலை வாரிவிடுகிறேன். ஒருநாளும் முகம் கோணியதில்லை. சயாமிலிருந்து திரும்பிய ஓர் ஆள், அழகேசன் அந்த வருஷ மழையிலேயே காலராவில் போய்விட்டதாகச் சொன்னார். அன்றைக்கு என்னோடு உட்கார்ந்து அழுதவளும் குணவதிதான்.

தாள் என் வீட்டிலிருந்து போனது அவளுக்குத் தெரியும். "நீங்க எழுத்தப் பாத்திருக்க மாட்டீங்கக்கா. நாந்தான் பாக்காம கட்டிக் குடுத்துட்டேன்" என்பாள். நான் சோற்றைப் பிசைந்து அடுத்த வாயை ஊட்டுவேன்.

போன வாரம் தலை வாரும்போது ஒன்று சொன்னாள். அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. அவளை அடைத்து வைத்திருந்தபோது அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்து, இதைச் செய்தது யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். என்னை இழுத்துவிடக் கூடாது என்று கடைசிவரை, நான்தான் நான்தான் என்றே சொன்னாளாம்.

அந்தப் பெட்டிக்கு இரண்டு தடவையும் அவள் பெயரே சொல்லப்பட்டுவிட்டது, ஐயா. உங்கள் காகிதத்திலும் அப்படியே ஏறிவிடும் என்றுதான் வந்தேன். வாத்தியாரைக் காட்டிக்கொடுத்தது நான். அதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பெட்டியைச் செய்ததும் நான்தான். நாலு மூலையும் என் கையால் மடித்தவை. அதை முதலில் எழுதுங்கள்.