முதல் தோணிக்கு முப்பிடாதி

அலோ... அலோ! யாரு, கம்பெனி ஆபீஸ் சங்கரலிங்கம் அண்ணாச்சியா?... கடற்கரைச் சரக்குக் கிட்டங்கியில இருந்து மேஸ்திரி வீரபாகு பேசுதேன்... வீரபாகு!... ஆமா, ஆமா, மூடையெல்லாம் தோணியில ஏறிட்டுத்தான் இருக்கு. அதுக்கு போன் போடல. முப்பிடாதியோட வேலை வில்லையை வாங்கி அந்தப் புது ஆளு வன்னியபெருமாள் கையில கொடுக்கச் சொன்னியளாமே, நெசமா?...

ம்... ம்... தெரியும் அண்ணாச்சி. பேர் வாசிக்கையில மூணு நாள் ஆள் இல்லன்னா வில்லை போயிரும். வில்லை இல்லாதவன் கப்பல் வேலைக்கு வர முடியாது. பதினாலு வருசமா அதைத் தொண்டை கிழியக் கத்துதவனே நான்தான், எனக்கே பாடம் எடுக்கிய... நாளைக் காலையில மூணாவது நாளு. அதுக்குத்தான் கூப்பிடுதேன்.

யாரு, சோம்பேறியா?... எந்தச் சோம்பேறி ரெண்டு மூடையை முதுகுல வச்சிக்கிட்டுத் தோணிப் பலகை மேல ஓடுவான்? நீங்களே நின்னு பாத்திருக்கிய... கடைசியா வேலைக்கு வந்த நாள்லயெல்லாம் ஒரு மூடையோட பாதிப் பலகையில நின்னுருவான். ஏலே, நடடான்னா நடக்க மாட்டான். கடலையே பாப்பான்... குடிக்கலை. வாயை மூந்து பாத்துட்டேன்.

ஆமா, என் தங்கச்சி சீனித்தாய் புருசன்தான். யாரு இல்லைன்னா?... இருங்க, இருங்க, என்னையும் பேச விடுங்க. நானும் உங்கள மாதிரிதான் நெனச்சேன். நடிக்கான்னு நெனச்சு நாலு பேரு முன்னால வஞ்சேன். வேலை கொடுத்தாச் சரியாயிரும்னு ரெண்டு ஆள் மூடையை ஏத்தி விட்டேன்... ஆமா, நானேதான்! சரியாகலைய்யா. அன்னைக்கிருந்து அவனுக்குச் சோறே எறங்கலை.

போன வெள்ளிக்கிழமை அவன் பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில பிள்ளைய வச்சிருக்கேன். அது அலறுது. பெத்தவன் பின்னால சொவரைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கான். திரும்பக்கூட இல்ல...

கோடாங்கியா? வந்தானே! ராத்திரி பூரா உடுக்கடிச்சு மூணு கோழியத் தின்னுட்டுப் போனான். கோழி போச்சு, வேற ஒண்ணும் போகலை... சிரிக்காதிய அண்ணாச்சி. எனக்கு வாற ஆத்திரத்துக்கு இந்த போனை...

இல்ல, இல்ல, வைக்கல. கேளுங்க. சாயர்புரத்துல இருந்து டாக்டர் தேவபிரசாதம் வந்து பாத்தாரு. பைத்தியம் இல்லையாம்... இல்லவே இல்லையாம். மூளைன்னா அதுவும் ஈரல் மாதிரி, நெஞ்சு மாதிரி ஒடம்புல ஒண்ணுதானாம். ஒருநாள் பயந்தா ஒண்ணும் ஆகாது, பயம் தெளிஞ்சதும் அது ஆறிக்கிடுமாம். ஆற விடாம நாள் பூரா, மாசக்கணக்குல பயத்துலயும் பாரத்துலயும் போட்டு வச்சா அதுவும் ஓஞ்சு போகுமாம். மொதல்ல தூக்கம் போகும், பிறகு பசி. பிறகு எதுமேலயும் ஆசை இருக்காதாம், பெத்த பிள்ளை மேலகூட... ஆமா, பெத்த பிள்ளை மேல! நான் நம்புனேனா? அவருட்டயும் சண்டைதான் போட்டேன். சொமக்கிற மூடை முதுகுல, மூளை என்னத்தவே சொமக்குன்னு கேட்டேன். கோவப்படாம சொன்னாரு, முதுகாவது சாயங்காலம் மூடைய எறக்கி வச்சிரும்னு...

மருந்தா? தூங்குததுக்கு ஒரு தண்ணி கொடுத்திருக்காரு. மத்தபடி ரெண்டு மாசம் கடல் பக்கமே விடக் கூடாதாம். ஆனா வேலை போச்சுன்னு மட்டும் அவன் காதுல விழப்படாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. அண்ணாச்சி, அவன் இப்ப வாயத் தொறந்து கேக்கது ஒண்ணே ஒண்ணுதான். எம்பேரு வாசிச்சாங்களான்னு கேக்கான். அதுவும் இல்லன்னா... எந்தங்கச்சி வீட்டுல இருக்க கயித்தையெல்லாம் சுருட்டிப் பக்கத்து வீட்டுல கொண்டு போட்டிருக்கா. கெணத்துக்குத் தண்ணி எறைக்கப் போனா அங்க வாங்கிட்டுப் போறா. வெளங்குதா?...

ம்... ம்... எல்லாருந்தான் பயந்தோம். சப்பான்காரன் குண்டு போட வாரான்னு சங்கு ஊதுனா ஊரே ஏரலுக்கு ஓடிச்சு. நீங்களும் வண்டி கட்டுனிய, எனக்குத் தெரியாதா?... சரி, சரி. இவன் மட்டும் ஏன் இப்படியானான்னு கேக்கிய...

அதுக்குக் காரணம் நான்தான் அண்ணாச்சி. சங்கு ஊதுன அன்னைக்கெல்லாம் நடுக்கடல்ல நிக்க கப்பலுக்கு ஒரு பயலும் தோணியேற மாட்டான். சரக்கு எறங்கலைன்னு நீங்க இங்கன கத்துவிய. மேஸ்திரி தன் மாப்பிள்ளையவே முதல் தோணியில ஏத்திட்டான்னா மத்தவன் வாயத் தொறக்க முடியுமா? அதான் ஏத்துனேன். ஒவ்வொரு தடவையும். வேண்டாம் அத்தான்னு ஒரே ஒரு நாள் சொன்னான். ஏளா பொம்பளைன்னு எல்லாரும் கேக்கக் கூப்பிட்டேன். பிறகு அவன் சொல்லவே இல்ல. அந்தத் தோணி திரும்புறதுக்குள்ள நான் இங்கன மூணு சுருட்டு குடிச்சிருப்பேன். அவன் வானத்தைப் பாத்துக்கிட்டே அம்புட்டு நேரமும் போய்ட்டு வருவான்.

சும்மா இருங்க, ஆறுதல் சொல்ல வேண்டாம். வில்லைக்கு வழி சொல்லுங்க... ம்... வேலையில வந்த சீக்குன்னு எழுதிக் கொடுத்தா நிறுத்தி வைக்கலாமா?... சரி... யாரு ஏவுனதுன்னு பேரு கேப்பாங்களா... மேஸ்திரி வேலை போகும். ஆமா. தெரிஞ்சுதான் பேசுதேன்.

எழுதுங்க. இப்பவே பேப்பரை எடுங்க... வீரபாகு... ஆமா... 'சில சமயம் அனுப்பினார்'னா எழுதி வாசிக்கிய? அடிங்க அதை! சில சமயம் இல்ல. பதினோரு தடவை. பதினொண்ணுன்னு போடுங்க... 'அவரும் சம்மதித்தார்'னு யாரு சொன்னா? அதையும் அடிங்க. அவன் சம்மதிக்கலை...

யாரும்மா நடுவுல? எக்ஸ்சேஞ்சா? மிலிட்டரி கால்னா நான் என்ன செய்ய, ஒரு நிமிசம் பொறு தாயி... அண்ணாச்சி! வன்னியபெருமாள்ட்ட வில்லையக் கொடுத்திராதிய! கையெழுத்துப் போட நானே வாரேன், இப்பவே வாரேன்... கேக்குதா? அடிச்சியளா அதை?...

அலோ... அலோ...