வலை வைக்காத ஒட்டு

அந்த நாற்காலியில் ஒரு கால் லேசாக ஆடும், பார்த்து உட்காருங்கள். சரி செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன், கை போகவில்லை. ஊரார் வண்டியையெல்லாம் நிமிர்த்துகிறவன் வீட்டு நாற்காலி இப்படித்தான் இருக்கும் போல.

நீங்கள் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்த துண்டை எனக்கு அடையாளம் தெரிகிறது. என் மகன் கார் பம்பரின் இடது காது. பம்பரை வண்டியோடு சேர்த்து போல்ட் முடுக்க ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை நாங்கள் காது என்போம். இதை ஒட்டியது யார் என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே கட்டிலில் கிடப்பவன் முந்திக்கொண்டான்.

"எங்கப்பாதான் சார் ஒட்டினாரு. அவர் கை வச்சதுல குறை இருக்காது. மட்டமான பம்பரை வித்த கடைக்காரனைப் போய்க் கேளுங்க."

கேட்டீர்கள் அல்லவா. அந்தக் கதவைச் சாத்திவிட்டு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

விபத்தை விசாரிக்க வந்தவர் நீங்கள். உங்களிடம் எதையும் மறைக்கப் போவதில்லை. பம்பர் விற்றவர் பிள்ளை குட்டிக்காரர், நல்ல சரக்குதான் கொடுத்தார். செய்யாத தப்புக்கு அவர் தலை உருளக் கூடாது. அநியாயத்துக்குத் துணை போவது என் சுபாவத்தில் இல்லை, அதனால்தான் சொல்கிறேன்.

மகனுக்கு வீட்டில் துரை என்று பெயர். உட்கார்ந்த இடத்துக்குத் தண்ணீர் கேட்பான் என்று அவன் அம்மா வைத்தது. அவள் போய்ச் சேர்ந்தபின் துரை வேலை பார்க்கும் ஊரிலேயே தங்கிவிட்டான். வருஷத்துக்கு ஒரு தடவை தலை காட்டுவான், அதுவும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டதுபோல. போனில் "சாப்பிட்டீங்களா" என்பான். "சாப்பிட்டேன்" என்பேன். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வராது. குறை சொல்லவில்லை, எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான்.

கார் என்றால் அவனுக்கு உயிர். தரையை உரசுகிற மாதிரி தாழ்வான ஒரு பம்பரை வெளியில் வாங்கி மாட்டினான். அந்த மாதிரிச் சாமான் எதுவும் கம்பெனிச் சாமான்போல வந்து உட்காராது, ஓட்டைக்கு நேரே ஓட்டை இருக்காது. இழுத்துப் பிடித்து முடுக்கினால் காதில் எந்நேரமும் இழுவை இருக்கும், ஒரு பள்ளத்தில் இறங்கினால் முறிந்துவிடும். முறிந்ததைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான்.

முறிந்த காதைச் சேர்க்க ஒரு முறை உண்டு. விரிசலைப் பள்ளமாகக் கீறிவிட்டு, மெல்லிய கம்பி வலையை அதில் வைத்து, சூட்டுக்கோலால் பிளாஸ்டிக்கோடு சேர்த்து உருக்கி அமுக்க வேண்டும். போல்ட் ஓட்டையை அது இருக்க வேண்டிய இடத்துக்கு நகர்த்த வேண்டும். வலை வைத்த காது புதுசைவிடப் பலம். வலை இல்லாமல் வெறும் பசையில் ஒட்டினாலும் மேலே கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டால் ஒரு பயலுக்கும் தெரியாது.

அன்றைக்குப் பட்டறையில் வலை தீர்ந்துபோயிருந்தது, அவனும் பறந்துகொண்டிருந்தான். அதனால் பசை மட்டும் போட்டேன். இதில் என்மேல் தப்பே கிடையாது. மழைக்காலம் முடிவதற்குள் காது மறுபடி விட்டுக்கொண்டது, மறுபடி வந்தான். பசை காய வேண்டும், நாளைக்குத்தான் வண்டியை எடுக்கலாம் என்றேன். அதுவும் உண்மைதான்.

அன்று மத்தியானம் என் கையால் சமைத்துப் போட்டேன். உப்பு தூக்கல் என்று கிண்டல் செய்துகொண்டே இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டான். மேலதிகாரி பேசுவதுபோலப் பேசிக் காட்டினான், வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு கூடத்தில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். அவன் அம்மா போனபின் இந்த வீட்டில் இன்னொரு ஆள் மூச்சு விடும் சத்தம் அன்றுதான் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது ஐயா, அதைச் சொல்ல வெட்கப்படவில்லை.

சாயங்காலம் பட்டறைக்குப் போனேன். புது வலை வந்து இழுப்பறையில் இருந்தது. ஒரு துண்டு வெட்டிக் கையில் எடுத்தேன், திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

அதன்பின் அவன் அடிக்கடி வந்தான். பட்டறையில் என்னோடு இருக்கும் பெயின்டர் ஒரு நாள் தூரிகையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "என்னண்ணே, ஊர்ல யார் வண்டியும் உங்ககிட்ட ரெண்டாவது தடவை வரல. பெத்த பிள்ளை வண்டி மட்டும் மாமியார் வீட்டுக்கு வர்ற மாதிரி வருதே."

சாமான் மட்டம் என்று சொல்லி வைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார், மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்னவோ.

ஒன்று மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பம்பரின் பாரத்தைத் தாங்கும் நடு போல்ட்டுகளில் நான் விளையாடியதே இல்லை. காது போனாலும் பம்பர் தொங்கும், உரசும், கழன்று விழாது. அந்த விஷயத்தில் கண்ணும் கருத்துமாக இருந்தேன். பெற்ற பிள்ளை அல்லவா.

கடைசித் தடவை வந்தபோது துரையின் முகம் பளிச்சென்று இருந்தது. கூட வேலை பார்க்கும் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகவும், இருவருக்கும் கடல் தாண்டி வேலை கிடைத்திருப்பதாகவும் சொன்னான்.

"இனிமே உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லப்பா. வண்டியை வித்துடப் போறேன். வாங்கறவன் குறை சொல்லாத மாதிரி ஒரு தடவை நல்லா மாட்டிக் குடுங்க."

வாய் நிறைய ஆசீர்வாதம் செய்தேன். பிறகு வண்டிக்கு அடியில் படுத்தேன். நடு போல்ட்டுகள் ஏறும் தகடு துருப்பிடித்து, ஓட்டைகள் அகண்டுபோயிருந்தன. அந்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடிக்க வேண்டும். அது எனக்குத் தெரியாதா? வேண்டும் வேண்டும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது, கை கேட்கவில்லை. துருவின்மேல் பெயின்ட் அடித்து, போல்ட்டுகளை அதிலேயே ஏற்றிவிட்டேன். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் உரசும், திரும்பி வருவான், இன்னும் ஒரு நாள் இருப்பான். நான் கேட்டது ஒரே ஒரு நாள்.

ஊர் எல்லையில் உரசவில்லை. பெட்ரோல் போட நின்ற இடத்திலிருந்து போன் செய்தான். மழை கொட்டும் சத்தம் கேட்டது.

"அப்பா, முன்னாடி லேசா சத்தம் வருது. அவ காத்திட்டிருப்பா, திரும்பி வர நேரமில்ல. அங்க போற வரைக்கும் தாங்குமா?"

வந்துவிட்டுப் போ என்றேன். முடியாது என்றான். தாங்காது என்று சொல்லியிருக்கலாம். ஏன் தாங்காது, இப்போதுதானே மாட்டினீர்கள் என்று கேட்பான். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? மழையில் சரியாகக் கேட்கவில்லை என்றேன். நீங்கள் என் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான்.

"தாங்குமாப்பா?" என்று இன்னொரு தடவை கேட்டான்.

"தாங்கும்," என்றேன்.

பம்பர் கழன்று முன்சக்கரத்துக்குள் போனதும், வண்டி உருண்டதும் உங்களுக்குத் தெரிந்த கதை. ஆஸ்பத்திரியில் நான் அழுத அழுகை பொய்யில்லை. அந்தப் பெண் கொஞ்ச நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள் போன் குறைந்தது, பிறகு நின்றது. துரையை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். குளிப்பாட்டுகிறேன், ஊட்டிவிடுகிறேன், முகம் மழித்துவிடுகிறேன். பெற்றவன் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்கிறேன். கூட்டிவந்த அன்றைக்கு வெகு காலத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

கடைக்காரரை விட்டுவிடுங்கள். ஒட்டியதும் மாட்டியதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். நாளை மத்தியானத்துக்குமேல் வந்தால் எனக்கு வசதி. காலையில் இங்கே கொஞ்சம் வேலை இருக்கிறது.

துரைக்கு நடைப் பயிற்சி கொடுக்க வரும் பெண் கெட்டிக்காரி. சீக்கிரமே துரை வேலைக்குப் போகலாம், தனியாகவே இருந்துகொள்ளலாம் என்கிறாள். நாளைக்கு முதல் தடவையாக யாரும் பிடிக்காமல், வாக்கரை ஊன்றி வாசல்வரை நடக்கப் போகிறான். ஒரு வாரமாக அதே பேச்சுதான். அந்த வாக்கரில் ஒரு காலைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் விரிசல் விட்டிருந்தது. அதைப் பார்த்துக் கொடுங்கள் அப்பா என்றான். வலை இழுப்பறையில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தேன்.

ஒட்டிக் கொடுத்துவிட்டேன், பெயின்ட்கூட அடித்தாயிற்று. அதைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்டான்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? பதற வேண்டாம் ஐயா, இது நெடுஞ்சாலை இல்லை. விழுந்தாலும் வீட்டுக்குள்தானே விழுவான். தூக்கிவிட நான் பக்கத்திலேயே இருப்பேன்.