ஆறாவது ஆட்டம்

– அந்தக் கையக் கொஞ்சம் நீட்டும் வே வேலுசாமி. ஏயப்பா! இது விரலா வாழப்பூவா? நேத்து எங்க பய அடிச்ச பந்துதான?

– உங்காளு அடிச்சதுதானுங்க. புடிச்சப்பவே மளுக்குன்னுச்சு. உங்க கட்டை விரலு என்னங்க சுடலைமுத்து, நெகமெல்லாம் கறுத்துக் கெடக்குது?

– உங்காளு பூட்ஸு. இருபத்தொரு பேரு வெறுங்கால்ல ஆடுதோம், அவனுக்கு மட்டும் உங்க துரை பழைய பூட்ஸக் குடுத்திருக்காரு. செத்தத் தள்ளி உக்காரும். மேல்மட்டம் எஸ்டேட்டுக்குக் கோல் காக்குற கோலியும் கீழ்மட்டம் எஸ்டேட்டுக் கோலியும் ஆஸ்பத்திரி பெஞ்சுல ஒட்டி உக்காந்திருக்கத எங்க மேஸ்திரி ஒச்சப்பன் பாத்தா, ஆட்டத்த வித்துட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவாரு.

– சொல்லட்டுங்க. தள்ளி உக்காரக்கூட எனக்குத் தெம்பில்லீங்க. கம்பவுண்டரு இருக்காருங்களா?

– மோசஸ் ஐயா உள்ளதான் இருக்காக. ஒரு கெழவிக்கு ஊசி போடுதாக. கூப்பிடுவாக, இரும்.

– நாளைக்கே ஆறாவது ஆட்டமுங்க. வாரத்துக்கு ஒண்ணுங்கறதையும் இந்த வாட்டி விட்டுட்டாங்க.

– அத ஏன் வே நெனப்பு மூட்டுதீரு.

– மறக்க முடியுதுங்களா? ஒண்ணுக்கொண்ணு. ரெண்டுக்கு ரெண்டு. மறுக்கா ஒண்ணுக்கொண்ணு. மூணுக்கு மூணு. நேத்தும் ஒண்ணுக்கொண்ணு. அஞ்சு வாரமா ஒரே அரையிறுதி. கெரகமுங்க இது. காசு சுண்டிப் போட்டு, இன்னாரு ஜெயிச்சாங்கன்னு சொல்லீட்டா சோலி தீந்துச்சு.

– அதக் கேக்கத்தான் எங்க மூக்கன் துரை பங்களாவுக்கே போனான். டீமுக்குக் கேப்டன்னா கேக்க வேண்டாமா? துரை சிரிச்சாராம். இங்கிலாந்துல ஒரு கோப்பை இருக்காம். தோத்தவன் அன்னைக்கே வெளிய, ஜெயிச்சவன் அடுத்த ரவுண்டுக்கு. சமமா முடிஞ்சா மறுபடி ஆடணும், காசு சுண்டுறதெல்லாம் கெடையாதாம். இந்த அம்பத்தஞ்சாம் வருசம் சனவரியில ஸ்டோக்குன்னு ஒரு ஊரும் பரின்னு ஒரு ஊரும் ஒரே ரவுண்டுக்கு அஞ்சு தடவ ஆடுனாகளாம். அஞ்சாவதுலதான் ஸ்டோக்கு ஜெயிச்சுதாம். பேப்பர வெட்டிச் சட்டம் போட்டு மாட்டியிருக்காரு. 'அவங்க அஞ்சு, நாம ஆறு மூக்கா'ன்னு முதுகுல தட்டி அனுப்பிட்டாரு.

– எங்க துரையும் அதே பாட்டுத்தானுங்க. ரெண்டு பேரும் சேந்து வெச்ச கோப்பையாச்சே. அந்த ஸ்டோக்குக்காரனுக்கு ஆட்டமே பொழப்புங்க. ஆடுனாத்தான் அவனுக்குச் சோறு. நானு காலைல நாலரைக்கு பேக்டரில தேயில சுருட்டுற ரோலர் முன்னாடி நின்னு, மத்தியானம் கோலுக்குள்ள நின்னு, அந்திக்கு மறுக்கா ரோலர் முன்னாடி நிக்கறனுங்க. நேத்து நின்னபடியே தூங்கிட்டேன். எலையோட என் துண்டும் உள்ள போயிருச்சு.

– துண்டோட போச்சேன்னு சந்தோசப்படும்.

– இந்த ஆடி மழைல துவைச்ச பனியன் காயமாட்டேங்குதுங்க. ஈரப் பனியனப் போட்டுட்டு நின்னா, பந்து வருதா மாடு வருதான்னே பனி மூடாப்புல தெரியறதில்ல.

– நமக்காவது பரவாயில்ல வே. அருவங்காடு பேக்டரிக்காரனுவ பைனலுக்கு வந்துட்டு ஒரு மாசமா நமக்காகக் காத்துக் கெடக்கானுவ. நடுவுல அவனுவ கோலிக்குக் கல்யாணமே முடிஞ்சு போச்சாம்.

– குடுத்து வெச்சவன்.

– எங்க லைன் வீட்டுப் பொம்பளையளு நான் தண்ணி புடிக்கப் போனா மொகத்தத் திருப்பிக்கிடுதாவ. ஆட்டம் பாக்கணும்னு ரெண்டு எஸ்டேட்டுக்கும் அரை நாளு லீவு விடுதானுவல்லா? அந்த அரை நாள ஞாயித்துக்கிழம கொழுந்து பறிச்சு ஈடு கட்டணும். ஆட்டத்த யாரு கேட்டா, அவளுவளா? குளிக்கதுக்கு, துணி தொவைக்கதுக்கு, பிள்ளைக்குப் பேன் பாக்கதுக்குன்னு வாரத்துல இருக்கது அந்த ஒரு நாளு. நாலு ஞாயித்துக்கிழம போச்சு, இந்த வாரமும் போவப் போவுது.

– எங்க லைன்லயும் அதேதானுங்க. ஒரு அம்மா என்னைய நேராவே கேட்டுருச்சு. ‘ஏனுங்க தம்பி, ஒரு பந்த விட்டாத்தான் என்ன? உங்கூட்டுச் சொத்தா போகுது?’ன்னு.

– நீரு என்ன சொன்னீரு?

– கும்புடு போட்டுட்டு நடையக் கட்டிட்டனுங்க.

– என்ன வே, குனிஞ்சுட்டீரு? விரலு வலிக்கா?

– விரலு இல்லீங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்றனுங்க. வெளிய சொன்னா என் எஸ்டேட்டுல என்னையத் தொலச்சுப் போடுவாங்க. நேத்து கடைசி நிமிசத்துல உங்க மூக்கன் தலையால முட்டுனாருல்லீங்க?

– நல்ல பந்து அது.

– நல்ல பந்தெல்லாம் இல்லீங்க. நேரா என் நெஞ்சுக்கு வந்துது. நடக்கப் பழகுற கொழந்த கூடப் புடிச்சிருக்கும். நான் கைய வெலக்கிட்டனுங்க.

– மூணாவது ஆட்டத்துல உங்க பூட்ஸுக்காரன் பாதி மைதானத்துலேருந்து ஒண்ணு அடிச்சானே, நெனப்பிருக்கா?

– இருக்குதுங்க. நீங்க சேத்துல வழுக்கி உழுந்தீங்க.

– சேறு எங்க வே இருந்துச்சு அன்னைக்கு? அந்த வாரம் பூரா ஒரு சொட்டு மழ கெடையாது.

– அப்ப நீங்களும்...

– நானுந்தான். நாலாவது ஆட்டத்துல ரெண்டு. நேத்து ஒண்ணு. நான் ஒண்ணு விட்டுட்டு, அப்பாடா முடிஞ்சுதுன்னு நிமிந்து பாத்தா, அந்தாக்ல, அடுத்த நிமிசமே, எங்க பயலுவ கோலு போட்டுட்டுக் குதிக்கானுவ. நீரு விட்டுருக்கீரு!

– ஆமாங்க! நான் விட, நீங்க விட... அட கெரகமே!

– சிரிக்க வைக்காதேயும் வே. சிரிச்சா வெலா எலும்பு வலிக்கு.

– நான் சிரிச்சு ஒரு மாசமாச்சுங்க.

– ஆமா, நீரு எதுக்குத் தோக்கணும்? உம்ம ரோலர் வேலைய வேற ஆளுக்குக் குடுத்து, மம்பட்டியத் தூக்கிட்டுப் போன்னுருவாருல்லா உங்க துரை?

– போகச் சொல்லட்டுங்க. உடுமலைப்பேட்டை பக்கம் ஊர்ல எங்கம்மா படுத்த படுக்கைங்க. கஞ்சி கூட எறங்கறதில்லைன்னு தம்பி கார்டு போட்டிருந்தான். மொதக் கார்டு ரெண்டாவது ஆட்டத்தப்ப வந்துச்சு. லீவு கேட்டனுங்க. ‘கோப்பை முடியட்டும்’னாரு துரை. ரெண்டாவது கார்டு போன வாரம். வாசப்படிய வாசப்படியப் பாக்குதாம், வேலு வந்துட்டானா வேலு வந்துட்டானான்னு கேக்குதாம். மறுக்கா போயி நின்னனுங்க. ‘கோலி இல்லாம எப்பிடி, பைனலு முடிஞ்சா ஒரு வாரமே எடுத்துக்கோ’ங்கறாரு.

– ஜெயிச்சா பைனலு வரைக்கும் லீவு கெடையாது.

– தோத்தா அடுத்த பஸ்ஸு எனக்கு. அதுக்குத்தானுங்க. நீங்க எதுக்குங்க?

– இசக்கிக்கு ஏழு மாசம்.

– உங்க ஊட்டுக்காரம்மாளுக்கா? எனக்குத் தெரியாதுங்களே.

– போன வருசம் ஒண்ணு தங்காமப் போச்சு. இதத் தங்க வைக்கணும்னு ஆஸ்பத்திரி டாக்டரம்மா தலபாடா அடிச்சுச் சொல்லுச்சு, கூடையத் தூக்காதேன்னு. வார நாள்ல எப்பிடியோ கொழுந்து நிறுக்குற எடத்துல உக்கார வச்சிருக்காக. ஞாயித்துக்கிழம ஆளு கொறைச்சல்னு சரிவுக்கு ஏத்தி விட்டுருதாக. போன ஞாயிறு வழுக்கி உக்காந்துட்டா. ராத்திரி பூரா வயித்தப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தா. நான் எண்ணெய் தேய்ச்சு விட்டுட்டு உக்காந்திருக்கேன், அவ என்னைய ஒரு வார்த்த வையல. வஞ்சிருந்தாக் கூடத் தேவல. தோத்தா எங்க எஸ்டேட்டுக்கு ஆட்டம் இல்ல. ஆட்டம் இல்லைன்னா ஞாயித்துக்கிழம வேலையும் இல்ல. ஜெயிச்சா பைனலுக்கு ரெண்டு தடவ, மூணு தடவ யாரு கண்டா. அதனால நாளைக்கு நீரு ஒண்ணும் விடக் கூடாது வே. வரத எல்லாம் புடியும். நான் விடுதேன்.

– அது எப்பிடீங்க? நான் என்னோட கஷ்டத்தச் சொன்னது எதுக்குங்க? நீங்க புடிங்க. நான் விடறனுங்க.

– உம்ம அம்மாவுக்கு என்ன வயசு?

– எழுவது இருக்குமுங்க.

– எழுவது வருசம் வாழ்ந்தாச்சு. எம் பிள்ள இன்னும் பொறக்கவே இல்ல வே.

– அந்த வார்த்தைய நீங்க சொல்லியிருக்க வேண்டாமுங்க.

– வேண்டாம்தான். வாயில வந்துட்டு. மன்னிச்சுக்கிடும்.

– அஞ்சு வாரமா எதுத்தெதுத்து நின்னமுங்க. ஒரு வாட்டி கூட உங்க மேல எனக்குக் கோவம் வந்ததில்ல. இப்ப வந்துருச்சுங்க.

– வரட்டும். எனக்கே எம்மேல வருது. தூக்கம் இல்லைன்னா நாக்கு நம்ம பேச்சக் கேக்க மாட்டேங்கு. இங்க பாரும், அழாதேயும்.

– அழலீங்க. அது கண்ணு எரிச்சல்.

– சரி. நீரு தோத்துட்டுப் போரும்.

– என்னங்க?

– நாளைக்கு நீரு விடும். நான் ஒண்ணும் விட மாட்டேன், எங்க ஆத்தா மேல ஆணையா. நான் ஜெயிச்சுத் தொலைக்கேன். நீரு ஊருக்குப் போயி அம்மா மொகத்தப் பாரும்.

– அப்ப இசக்கியம்மா?

– பைனலு ஒரு ஆட்டந்தான. அருவங்காட்டுக்காரன் ஆறு கோலு போடட்டும், நான் போஸ்டுல சாஞ்சு நின்னு பாக்கேன். அந்த ஒரு ஞாயித்துக்கிழம, ஒச்சப்பன் கால்ல விழுந்தாவது அவள வீட்டுல நிப்பாட்டுதேன்.

– அதுவும் டிரா ஆச்சுன்னா?

– வாயக் கழுவும் வே!

– இல்லீங்க, மனசு ஒப்பல. அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா ஆயுசுக்கும் எனக்கு வெசனம்.

– இப்ப நீரு கை விட்டுட்டுப் போறீரா, இல்ல நான் பிடிச்சுத் தள்ளணுமா? பேசியாச்சு. முடிஞ்சுது.

– யாரப்பா வெளில, பஞ்சாயத்து நடக்குது? அட, ரெண்டு கோலியுமா! வாங்க, உள்ள வாங்க. பாட்டி, நீங்க பாத்துப் போங்க, படி வழுக்கும். ம், உக்காருங்க. மொதல்ல யாரு?

– இவரப் பாருங்கய்யா. எனக்கு நெகந்தான்.

– குடு தம்பி. மடக்கு. மடக்க முடியலையா? இங்க அமுக்கினா?

– ஐயோ! மோசஸ் ஐயா, போதுமுங்க!

– ஒடஞ்சிருக்கு. இதோட நேத்து ராத்திரி வேலைக்கும் போனியா? ஆண்டவரே, என்ன பிள்ளைங்கப்பா நீங்க! மூணு வாரம் கட்டு பிரிக்கக் கூடாது. வேலையும் கெடையாது, ஆட்டமும் கெடையாது. சுகமில்லைன்னு சீட்டு எழுதித் தரேன். ஆபீஸ்ல குடுத்துட்டு ஊருக்குப் போ. அம்மாவுக்கு முடியலைன்னு உங்க லைன்ல சொன்னாங்க.

– பாத்தீரா வே! சாமியே வழி விட்டுருச்சு. உம்ம எடத்துல வேற எவனாவது நிப்பான், நான் அவனுக்கு நாலு விட்டுட்டு வீட்டுக்குப் போறேன். ரெண்டு பேருக்கும் ஆச்சு!

– ஆகாதுங்க. என் எடத்துல நிக்கப் போறவன் கந்தனுங்க. அவன் கோலிக்கு நின்னதே கெடையாது, பந்து வந்தாக் கண்ண மூடிக்குவான். நீங்க நாலு விட்டா அவன் அஞ்சு விடுவானுங்க. மறுக்கா உங்க தலைலதான் வெற்றி வந்து விழும்.

– அடப் பாவி! ஐயா, அப்ப எனக்கும் ஒரு சீட்டு எழுதிக் குடுங்க.

– உனக்கு நெகம் நசுங்கியிருக்கு, அவ்வளவுதான் சுடலைமுத்து.

– ஒடஞ்சிருக்குன்னு எழுதுங்கய்யா. இதுவரைக்கும் உங்ககிட்ட பொய்யா ஒரு சீட்டு கேட்டிருக்கேனா? எங்க இசக்கிக்காகக் கேக்கேன்.

– வேண்டாமுங்க சுடலைமுத்து. ஐயாவ இழுத்து விடாதீங்க. ஆட்டத்துக்கு மொத நாளு ரெண்டு கோலிக்கும் ஒண்ணா விரலு ஒடஞ்சுதுன்னா எந்தத் துரை நம்புவாரு? ஐயா வேலைக்கே உலை வெச்சிருவாங்க. என் சீட்டையும் கிழிச்சுப் போட்டுருங்க ஐயா, கட்ட மட்டும் இறுக்கிக் கட்டி விடுங்க. நாளைக்கு நானே நின்னு புடிக்கறனுங்க, நீங்க விடுங்க சுடலைமுத்து.

– பேசி முடிச்சாச்சா ரெண்டு பேரும்? இப்ப இந்த சீட்டுப் புஸ்தகத்தப் பாருங்க. இங்கேருந்து படிங்க, மூக்கனுக்கு வயித்துப்போக்கு, கந்தனுக்குக் காய்ச்சல், அந்த பூட்ஸுக்காரனுக்குக் கால் சுளுக்கு. காலைலேருந்து மேல்மட்டத்துக்குப் பத்து சீட்டு, கீழ்மட்டத்துக்குப் பத்து சீட்டு எழுதியிருக்கேன். நீங்க ரெண்டு பேருதான் பாக்கி, உங்களுக்காகத்தான் ஆஸ்பத்திரியப் பூட்டாம உக்காந்திருக்கேன்.