ஒருவரும் நின்றுவிடாத வகுப்பு

பெரியவர்களுக்குப் பாடம் நடத்துவதில் முதல் தொல்லை மூக்குக்கண்ணாடி. அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள். எழுத்து தெரியவில்லை என்று சொல்லக் கூச்சம்; பாடம் புரியவில்லை என்பார்கள். அதனால் கம்ப்யூட்டர் திரையில் எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக வைத்தேன். புகாரில் பாதி அன்றோடு நின்றது. இன்ஸ்பெக்டர் மேடம், நடந்ததை என் போக்கில் எழுதித் தரலாம் என்று நீங்கள் சொன்னதால் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் ஸௌந்தரராஜன். சின்ன காஞ்சிபுரம். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் பாடம் சொல்லியே பிழைத்தவர்கள். நானும் ஒரு டுடோரியல் காலேஜில் பல வருஷம் கணக்கு நடத்தினேன். பத்தாவது தவறியவர்கள் ஜூன் மாதம் பெஞ்சு கொள்ளாமல் வருவார்கள். தீபாவளி கழிந்தால் பாதிப் பெஞ்சு காலி. யாரும் சொல்லிக்கொண்டு போகமாட்டார்கள். பிறகு ரங்கசாமி குளத்தருகே எதிர்ப்பட்டால் என்னைப் பார்க்காத மாதிரி சைக்கிளைத் திருப்புவார்கள். என் வீட்டிலிருந்தும் ஒருத்தி அப்படித்தான் பாதியில் எழுந்து போனாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

2008 ஆரம்பத்தில் சென்னைக் கம்பெனி ஒன்று என்னை அழைத்தது. வயதுவந்தவர்கள் பத்தாவதைத் தனித்தேர்வாக எழுத, இன்டர்நெட்டிலேயே படிக்கிற மாதிரி ஒரு வகுப்பு அமைத்துத் தர வேண்டும். காந்தி ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் இடம் பிடித்துக் கொடுத்தார்கள். மற்ற ஊர்களில் அவர்கள் நடத்திய வகுப்புகளில் முக்கால்வாசிப் பேர் பாதியில் நின்றுவிட்டார்களாம். என் வகுப்பில் ஒருவரும் நிற்கமாட்டார்கள் என்று நான் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் எரிகிறது.

நான் ஒழுங்காகத்தான் உழைத்தேன். மின்வெட்டு எப்போது வரும் என்று தெரியாத வருஷம் அது. எனவே ஒவ்வொரு பாடத்தையும் பத்துப் பத்து நிமிஷத் துண்டுகளாக வெட்டினேன். 'தவறு' என்ற சொல்லை எங்குமே போடவில்லை; 'இன்னொரு தடவை பார்ப்போமா' என்றுதான் திரை கேட்கும். வட்டிக் கணக்குக்குப் பாங்கு உதாரணத்தை எடுத்துவிட்டு ஏலச்சீட்டைப் போட்டேன். நாற்பது வயதுக்காரருக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஒன்று மட்டும் படியவில்லை. பாடத்துக்குக் கீழே சந்தேகம் கேட்க ஒரு பக்கம் வைத்திருந்தேன். அவரவர் வேலை ஓய்ந்த நேரத்தில் வந்து படிப்பதால் ஒருவரையொருவர் பார்ப்பது அபூர்வம்; அதில் எல்லோரும் பேசிக்கொள்ளலாம். ஒரே ஜில்லாக்காரர்கள் என்று தெரிந்தால் ஒட்டுதல் வரும் என்று ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஊரையும் போட்டேன். ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்த வயதில் இதுகூடத் தெரியாதா என்று அடுத்தவர் நினைத்துவிடுவார் என்ற பயம்.

அந்தச் சமயத்தில்தான் கிருஷ்ணவேணி வந்தாள். மாகறல் கிராமம். முப்பது வயதிருக்கும், ஒன்பதாவதோடு நிறுத்தப்பட்டவள். டவுனில் தையல் கற்றுக்கொள்வதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்து தானே பெயர் கொடுத்தாள். இரண்டு பாடம் முடித்தாள். மூன்றாவது வாரம் வந்து வாசலிலேயே நின்றாள்.

"வோணாம் சார். என் பேரை எடுத்துடுங்க. எங்க வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா கொன்னு போட்டுடுவாரு."

எடுத்துவிடுகிறேன் என்றேன். பெண்கள் சாதாரணமாகச் சொல்கிற வார்த்தை அது. பால் பொங்கி வழிந்தாலும் சொல்வார்கள். அவள் போன பிறகு அவள் பெயரை அழிக்க உட்கார்ந்தேன். அழித்தால் அவள்தான் முதல் ஆள். கம்பெனிக்காரர்கள் மறுபடியும் சிரிப்பார்கள். மூன்றாவது பாடத்தை நானே அவள் பெயரில் முடித்தேன். அதோடு, சந்தேகப் பக்கத்தில் அவள் பெயரில் ஒரு கேள்வியும் எழுதினேன்: "கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் ஏன் கூட்டல் வருது? எனக்கு மட்டும்தான் புரியலையா?"

அன்று சாயங்காலத்துக்குள் ஏழெட்டுப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கும் புரியலம்மா, எனக்கும்தான் என்று. தனக்குக் கீழே ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் முதுகு நிமிர்ந்துவிட்டது. அதன் பிறகு கிருஷ்ணவேணியை நான் விடவில்லை. மாதிரித் தேர்வு ஒவ்வொன்றிலும் வகுப்பிலேயே குறைந்த மார்க்குக்கு இரண்டு மார்க் குறைவாக அவள் வாங்குவாள். அசட்டுக் கேள்விகளையெல்லாம் அவள்தான் கேட்பாள். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற அங்கம்மாள், பத்தாவது தேறினால் அமைப்பாளர் ஆகலாம் என்று சேர்ந்தவள், கிருஷ்ணவேணிக்குப் புத்தி சொல்லிச் சொல்லியே தன் கணக்கைச் சரிசெய்துகொண்டாள். உண்மையைச் சொன்னால், மாகறலில் இருந்தவளைவிட என்னிடம் இருந்தவள் மேல். என்னவள் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை.

அவளால் அதிகம் பலனடைந்தவர் மாணிக்கவேல். பிள்ளையார்பாளையத்துக்காரர், பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிற வேலை. மகள் ஒன்பதாவது படித்தாள். "பொண்ணு பத்தாவது எழுதறதுக்குள்ள நான் பாஸ் பண்ணிடணும் சார். அப்புறம் அதும் மூஞ்சில முழிக்க முடியாது" என்பார். கடை மூடியதும் ஓடிவந்து, முதலில் கிருஷ்ணவேணி என்ன கேட்டிருக்கிறாள் என்றுதான் பார்ப்பார். அல்ஜீப்ராவை அவளுக்கு விளக்க வேண்டும் என்பதற்காகவே தான் படித்தார். அவள் அவரை அண்ணா என்றுதான் எழுதுவாள். நான்தான் அப்படி எழுதினேன். எல்லாம் கண்ணியமாகவே இருந்தது.

அக்டோபர் தேர்வு நெருங்கியபோது ஒரு சிக்கல். கிருஷ்ணவேணி தேர்வுக் கூடத்துக்கு வர முடியாது. அதனால் சில நாள் முன்னதாகவே அவள் பெயரில் எழுதினேன்: "எனக்கு பயமா இருக்குது. நான் பரீட்சைக்கு வரல." இதிலும் ஒரு கணக்கு இருந்தது. அடுத்தவருக்குத் தைரியம் சொல்கிறவர் தன் பயத்தை மறந்துவிடுவார். நினைத்த மாதிரியே எல்லோரும் தைரியம் சொன்னார்கள். மாணிக்கவேல் மட்டும் ஒரு படி மேலே போய், பஸ் ஏறி மாகறலுக்கே போய்விட்டார். கையில் அவளுக்காக வாங்கிய புதுப் பேனாவும் கணக்கு வழிகாட்டியும். பத்தாவது படிக்கிற கிருஷ்ணவேணி வீடு எது என்று டீக்கடையில் கேட்டிருக்கிறார். பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் அவள் புருஷன் கோதண்டபாணி.

அவளை அழைத்துவந்து கேட்டார்களாம். இந்த ஆள் யாரென்றே தெரியாது என்றாள். உண்மைதான். ஆனால் மாணிக்கவேல் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "தெனம் பேசிக்கினுதான் இருக்கறோம், தங்கச்சி மாதிரி, நல்லா படிக்கிற பொண்ணுங்க" என்று சொல்லியிருக்கிறார். அவரை அடித்துத்தான் அனுப்பினார்கள்.

மறுநாள் காலை கோதண்டபாணி அவளை என் சென்டருக்கு இழுத்துக்கொண்டு வந்தான். அவள் கன்னம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது.

"சார், நான்தான் அன்னிக்கே பேரை எடுக்கச் சொன்னேனே. அப்புறம் நான் வரவேயில்லன்னு சொல்லுங்க சார்."

கோதண்டபாணி என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டான். "சாமி, நீங்க பெரியவங்க. நீங்க சொன்னா நம்பறேன். இவ வந்தாளா வரலையா?"

கம்பெனிக்காரர்கள் இரண்டு நாளில் வருவதாக இருந்தது. அவள் வரவில்லை என்றால், எழுதியது யார் என்ற கேள்வி வரும். நான் பொய் சொல்லவில்லை. "அவள் பெயரில் வந்ததெல்லாம் இதில் இருக்கிறது" என்று திரையை அவன் பக்கம் திருப்பினேன். எழுத்துப் பெரிது, சிரமமில்லாமல் படித்தான். "அண்ணா, நீங்க இருக்கறதாலதான் எனக்கு தைரியம்" என்ற வரியில் விரலை வைத்தான்.

"அண்ணன்னு வேற எழுதிக்கினு இருக்குது" என்றான்.

அவள் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. வகுப்பை விட்டுப் போகிறவர்கள்தான் வாத்தியாரை அப்படிப் பார்ப்பார்கள்.

அன்று இரவு அவள் பூச்சிமருந்தில் செத்தாள். தானாகக் குடித்தாளா, குடிக்க வைத்தார்களா என்பது உங்கள் வேலை. அவள் பின்னால் சுற்றிச் சாகடித்துவிட்டான் என்று புருஷன் வீட்டார் கொடுத்த புகாரில் மாணிக்கவேலைப் பிடித்துப்போனார்கள். உங்கள் ஏட்டு கேட்டபோது அந்தப் பக்கங்களை அச்சடித்துக் கொடுத்ததும் நான்தான். தேர்வு நடந்த நாட்களில் அவர் வேலூர் ஜெயிலில் இருந்தார். அவர் மகள் ஒரு நாள் சென்டர் வாசலில் வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் யாரும் அவளோடு பேசுவதில்லையாம். நான் உள்ளே இருந்துகொண்டு, இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

செத்தவள் மறுநாள் காலை கடைசிப் பாடத்தை எப்படி முடித்தாள் என்று கேட்டீர்கள். நான் முடித்தேன். ஒரு பாடம்தான் பாக்கி இருந்தது. கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஒரு பெயர்கூடக் குறையவில்லை. இந்த முறை சிரிக்கவில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். மாணிக்கவேல் மாகறலுக்குப் போகுமுன் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். "அங்க எனக்கு யாரையும் தெரியாதே சார், எங்க விசாரிக்கறது?" என்று கேட்டார். பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை இருக்கிறது, அங்கே கேளுங்கள் என்றேன். பெயரை எடுக்கச் சொல்லி வந்த அன்றைக்கே கிருஷ்ணவேணி என்னிடம் சொல்லியிருந்தாள், தன் புருஷன் நாள் முழுக்க அந்தக் கடையில்தான் உட்கார்ந்திருப்பான் என்று. தெரிந்துதான் அனுப்பினேன். அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஏன் பாதியில் நின்றாய் என்று அவளை யாராவது ஒருவர் கேட்க வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன்.