முட்டுக்கட்டை

தேநீரில் சர்க்கரை குறைவாகத்தான் போட்டிருக்கிறேன். போதவில்லை என்றால் சொல்லுங்கள். காஜா பெராங் பகுதியில் இந்த வரிசை வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். உங்கள் கணவர் முதல் தடவை வந்தபோதும் பக்கத்து வீட்டுக் கேட்டைத்தான் தட்டினார்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. உங்கள் கணவர் கணேசமூர்த்தி என் தம்பி ஜெயபாலனுக்குக் கணினியில் போடும் பழைய கிராபிக்ஸ் கார்டை விற்று ஏமாற்றினாரா? கோர்ட்டில் நான் அப்படித்தான் சொன்னேன். அதன் பிறகு உங்கள் கடைக்கு ஆள் வருவதே நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டேன். சிவகாமசுந்தரி, அது புதிய கார்டு. அதில் ஒரு குறையும் இல்லை.

இதை மட்டும் சொல்லி உங்களை அனுப்புவது சரியில்லை. மீதியையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஜெயபாலன் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் அம்மா இறந்துபோனார். அப்பா அதற்கு முன்பே இல்லை. நான் பத்து பெரெண்டாம் ஊரில் தொழிற்சாலை வேலைக்குப் போனேன். சர்க்யூட் போர்டுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பழுதானவற்றை ஒதுக்கும் வேலை. பெண் பார்க்க வந்தவர்கள் தம்பியை எங்கே விடுவாய் என்று கேட்டார்கள். அதன் பிறகு நான் யாரையும் வரச்சொல்லவில்லை. அதைத் தியாகம் என்று யாரிடமும் நான் சொல்லிக்கொண்டதும் இல்லை.

அவன் கணினியில் படம் செய்யக் கற்றுக்கொண்டான். குருபோங்கில் கட்டப்போகும் வீடுகளை, கட்டி முடித்து ஆட்கள் குடியிருப்பதுபோல் செய்துகாட்டுவான். போன வருடம் கனடாவில் ஒரு கார்ட்டூன் பட நிறுவனம் அவனை ஒரு குறும்படம் செய்து அனுப்பச்சொன்னது. பிடித்துப்போனால் அங்கேயே வேலை. சாப்பிடும்போது சொன்னான். “நீயும் வந்துரலாம்க்கா, கொஞ்ச நாள் கழிச்சு.”

நான் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.

அந்தப் படத்துக்கு அவனுடைய பழைய கார்டு போதவில்லை. புதியதை மாட்டத்தான் உங்கள் கணவர் வந்தார். கணினியைத் திறந்து பார்த்ததுமே சொல்லிவிட்டார், மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் தளர்ந்திருக்கிறது, புதிய கார்டின் கனத்தைத் தாங்காது, போர்டையே மாற்றுவது நல்லது என்று. அந்தப் பழைய போர்டு இப்போது கிடைப்பதில்லை. வேறு போர்டு போட்டால் உள்ளே பாதிச் சாமானை மாற்ற வேண்டும். தம்பிக்கு அதுவரை பொறுமை இல்லை. அதனால் உங்கள் கணவர் ஒரு சிறு மரத்துண்டைச் சீவி, கார்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். திரை பளிச்சென்று வந்தது. “இத மட்டும் யாரும் நகத்தாம பாத்துக்குங்கக்கா” என்றார்.

முதல் தடவை நான் வேண்டுமென்றே செய்யவில்லை. சூடு போகட்டும் என்று அவன் கணினிப் பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்தே வைத்திருந்தான். தூசி துடைக்கும்போது துணி பட்டு முட்டு விலகியது. மாலையில் படம் பாதியில் நின்று திரை கறுத்தது. அவன் செய்வதறியாமல் கூடத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். தொலைக்காட்சி பார்த்தோம். என் தோளில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டான். அவன் அப்படித் தூங்கிப் பல வருடம் ஆகியிருந்தது.

உங்கள் கணவர் வந்து சரிசெய்தார். மறுபடி நான் நகர்த்தினேன். ஓர் அரிசி அளவுக்குத்தான். எதையும் நான் உடைக்கவில்லை. அவன் கணினியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே உங்கள் கணவர் சரிசெய்ததும் ஓடும். வீட்டுக்கு வந்தால் நின்றுவிடும். அவன் சரியாகச் சாப்பிடாமல் மெலிந்தான். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கனடா கைவிட்டுப் போனால் தேறிவிடுவான் என்று நினைத்தேன்.

பிறகு உங்கள் கணவர் எனக்குப் போன் செய்தார். இது உங்களுக்குத் தெரியாது. “அக்கா, அந்த முட்டு தானா நகராது. நான் தம்பிகிட்ட ஒண்ணும் சொல்லல. நீங்களே சொல்லிருங்க, அதுதான் நல்லது.” குரலில் கோபமே இல்லை. நான் நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

அன்றே தம்பியிடம் சொன்னேன், கணேசமூர்த்தி பழைய கார்டுகளைத் துடைத்துப் புதியது என்று விற்கிறாராம், தொழிற்சாலையில் பேசிக்கொள்கிறார்கள் என்று. யாரும் அப்படிப் பேசவில்லை. அவர் ஒருநாள் உண்மையைச் சொன்னாலும் தம்பி நம்பக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மெர்டேக்கா சுதந்திர நாள் விடுமுறையன்று ஜாலான் பெண்டஹாரா தெரு முழுக்கக் கொடி கட்டியிருந்தார்கள். தம்பி உங்கள் கடைக்குக் கிளம்பினான். அவன் முகம் சரியில்லை என்பதை நான் பார்த்தேன். சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

உங்கள் கடை மாடிப்படியின் மேலே நின்று அவன் கத்தியதும், உங்கள் கணவர் பொறுமையாகப் பதில் சொன்னதும் கோர்ட்டில் நீங்கள் கேட்டதுதான். “கார்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. வீட்டுல போயி அக்காகிட்ட கேளு.” அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அக்காவை ஏன் இழுக்கிறாய் என்று இவன் தள்ளினான். அவர் படிகளில் உருண்டு கீழே வரைக்கும் போனார். ஆஸ்பத்திரியில் அவர் கண் விழிக்கவே இல்லை. அவர் விழித்துவிடக்கூடாது என்று வெளியே உட்கார்ந்து நான் வேண்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். நானும் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை.

இதை நீங்கள் போலீஸில் சொல்லலாம். கணேசமூர்த்தியின் பெயர் சுத்தமாக வேண்டும். எழுதிக் கேட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஜெயபாலனிடம் மட்டும் சொல்ல வேண்டாம். அவனால் தாங்க முடியாது. சிறையில் அவனைப் பார்க்கும் நாளெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன சமைத்தாய் என்று கேட்கிறான். படத்தைப் பற்றியோ கனடாவைப் பற்றியோ பேசுவதே இல்லை. போன தடவை, வெளியே வந்ததும் எங்கேயும் போகமாட்டேன், உன்னோடுதான் இருப்பேன் என்றான். அவனாகவேதான் சொன்னான். நான் கேட்கவே இல்லை.