டுபாய் நேரத்துக் கஞ்சி

நோன்பு மாதத்தில், பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு, கல்முனையிலிருந்து மருதமுனைக்குப் போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

“நோம்பு துறக்கக்குள்ள ஈச்சம்பழம் மட்டுந்தான் ராத்தா. கஞ்சி அவரோடதான்.”

“டுபாயில இருக்கிற மனிசனுக்குக் கஞ்சி பைப்புலயா போகுது?”

“அங்க பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்றது நமக்குப் பிந்தித்தானே. வீடியோ கோல்ல ரெண்டு பேரும் ஒண்டாக் குடிப்பம். இப்ப அவர்ட போன் அப்டேட் ஆகினதிலருந்து விபிஎன் வேலை செய்யுதில்ல. அங்க வீடியோ கோலுக்குத் தடை, அது இல்லாட்டி எடுக்கேலா.”

“அழிச்சுப்போட்டுத் திரும்பப் போடச் சொல்லன் புள்ள.”

“வொய்ஸ் அனுப்பிச் சொன்னன். பெருநாளைக்குப் பிறகு பாப்பம் எண்டார்.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“அப்ப இண்டைக்காவது சூட்டோட குடி.”

“அவர்ட நேரம் வராம கஞ்சி தொண்டைக்குள்ள இறங்குதில்ல, ராத்தா.”